புது பேட்டில்ஸ்டார் கலாக்டிகாவை எங்க இருந்து தொடங்கிப் பாக்கிறது

பேட்டில்ஸ்டார் கலாக்டிகா எண்டது விண்வெளி டிவி சீரிஸ், சைலோன் எண்ட மெஷின் எதிரிகளிட்ட இருந்து தப்பியோடுற கலாக்டிகா எண்ட போர்க்கப்பலின்ர கதை. 2004 சீரிஸைத் திறந்தா முதல் எபிசோட் '33' எண்டு காட்டும், அதை உடன அமத்தாதேங்கோ. அதுக்கு முதல் 2003 டிசம்பரில வந்த மினி சீரிஸ் ஒண்டு இருக்கு, ரெண்டு பாகம், கிட்டத்தட்ட மூண்டு மணித்தியாலம், கதை தொடங்கிறதே அதிலதான், சில இடங்களில அது தனியாக் கிடக்கும், தேடி எடுங்கோ. இதை விட்டிட்டு '33'இல குதிச்ச ஆக்கள் கன பேர் "என்னடாப்பா, ஒருத்தரும் நித்திரை கொள்ளாமத் திரியினம்" எண்டு அரைவாசியில நிப்பாட்டினவை.

பழசையும் பாக்கவேணுமோ எண்டா, முழுக்க வேண்டாம். 1978இல கிளென் லார்சன் செய்தது, ஒரே சீசனோட நிண்டுபோச்சு, முதல் கதையை மட்டும் பாருங்கோ. அதில ஸ்டார்பக் எண்ட விமானி சுருட்டும் கையுமாத் திரியிற ஆம்பிளை, புதுசில அதே பேர், அதே சுருட்டு, ஆனா பொம்பிளை, நடிச்சது கேட்டி சாக்ஹாஃப். பழைய ரசிகர்மார் அந்த நேரம் குதிச்ச குதி கொஞ்சநஞ்சமில்லை. பழசில அப்பலோ எண்ட விமானியா நடிச்ச ரிச்சர்ட் ஹாட்ச்சுக்கும் முதல்ல ரீமேக் பிடிக்கேல்லை, பேந்து அவரே டொம் ஸாரெக் எண்ட கைதியா வந்து புது அப்பலோவுக்கு முன்னால நிக்கிறார், பழசில அவற்ற முகத்தைப் பாத்து வச்சா அந்த சீன் ரெண்டு மடங்கு ருசிக்கும்.

சப்டைட்டிலைப் போடுங்கோ. வெள்ளவத்தையில கடற்கரைப் பக்கம் இருக்கிற ஆக்களுக்குச் சொல்லத் தேவையில்லை, ட்ரெயின் போகேக்க கப்பல் தளபதி அடாமா முணுமுணுக்கிறது ஒண்டும் கேக்காது. ஹெட்ஃபோன் இருந்தா இன்னும் நல்லம், சண்டையில அடிக்கிற மேளம் அப்பிடி. டைட்டில் மியூசிக்கில காயத்ரி மந்திரம் போகும், ஓம், அதேதான், அம்மா குசினியில இருந்து எட்டிப் பாப்பா. ஆனா அந்த டைட்டில் முடியிற இடத்தில அண்டைக்கு வரப்போற எபிசோட்டில இருந்தே துண்டு துண்டாக் காட்டிப்போடுவாங்கள், ஆர் அந்த ஐடியா குடுத்தாங்களோ தெரியாது, அந்த மேளம் தொடங்கினோடன தள்ளி விடுங்கோ. மினி சீரிஸ் தொடக்கத்தில சந்தையில ஒரு கைக்குழந்தையோட வாற சீன் இருக்கு, சின்னாக்களைப் பக்கத்தில வச்சுக்கொண்டு பாக்கவேண்டாம்.

கப்பலுக்குள்ள இருக்கிற சாமானுகளையும் வடிவாக் கவனியுங்கோ. வயர் வச்ச டெலிஃபோன், நாலு மூலையும் வெட்டின பேப்பர். மியூசியமாக்கப் போற கிழட்டுக் கப்பல், கம்ப்யூட்டர் ஒண்டையும் நெட்வேர்க்கில போட அடாமா விடேல்லை, அதாலதான் அது சைலோன் தாக்குதலில தப்புது.

பழசில சைலோன் எண்டா மினுங்கிற தகர மனிசர், தூரத்திலயே தெரியும். புதுசை உருவாக்கின ரொனால்ட் மூர் செய்த பெரிய மாத்தம், இப்ப அவை எங்களை மாதிரியே இருக்கினம், பக்கத்தில இருந்து சாப்பிடுற ஆளாயும் இருக்கலாம். செப்டம்பர் 11க்குப் பிறகு அமெரிக்கக்காரர் எழுதின கதை, ஆனா செக்பொயின்ட்டில ஐடென்டிட்டி கார்ட்டை நீட்டி, பொலிஸில பதிஞ்சு கொழும்பில இருந்த ஆக்களுக்கு இந்தச் சந்தேகப் பார்வை புதுசில்லை, சொல்லப்போனா சந்தேகப்படுறவையின்ர பக்கத்தில இருந்து பாக்கிறதுதான் எங்களுக்குப் புதுசு. மூண்டாம் சீசன் தொடக்கம் இன்னும் பாரம், ஆக்கிரமிப்பு, ஆக்களைக் காட்டிக்குடுக்கிற தலையாட்டி வேலை, தற்கொலைத் தாக்குதல் எல்லாம் வரும், அதுவும் நாங்கள் இவ்வளவு நாளும் விரும்பிப் பாத்த ஆக்களே செய்வினம். வீட்டில பெரியாக்களோட இருந்து பாக்கிறதெண்டா முதலே சொல்லிப்போடுங்கோ. ஒரே இரவில நாலைஞ்சு எண்டு இழுக்கிற பகுதியுமில்லை.

'ரேஸர்' எண்ட படத்தை மூண்டாம் சீசன் முடிச்சிட்டுப் பாருங்கோ, கதை ரெண்டாம் சீசன் காலத்தில நடந்தாலும் 2007இல வந்த ஒழுங்கு அதுதான், கடைசியில நாலாம் சீசனுக்கு ஒரு கொக்கியும் போடுவாங்கள். 'த பிளான்' எண்ட மற்றப் படம் எல்லா சீசனும் முடிஞ்ச பிறகுதான், அதுவும் டேட்டா மிச்சமிருந்தா.