வேலூரில் ஜெர்மன் படிக்கிறீர்களா? ஆப்பை நீங்கள் நடத்துங்கள்

வேலூர் பக்கம் நர்சிங் முடித்துவிட்டு ஜெர்மனிக்குப் போக நினைப்பவர்கள் பலர், போனில் ஒரு ஆப்பை இறக்கிக்கொண்டு, தொடர்ந்து இத்தனை நாள் படித்தீர்கள் என்று அது காட்டும் எண்ணைக் காப்பாற்றவே பாடுபடுகிறார்கள். அந்த எண் ஆப்பைத் திறந்தீர்கள் என்பதைத்தான் சொல்லும், வேறொன்றும் சொல்லாது. அங்கே நர்ஸ் வேலைக்குப் பொதுவாக மொழியில் பி2 நிலை (ஏ1 முதல் சி2 வரையான ஆறில் நான்காவது) கேட்கிறார்கள். ஜெர்மன் மொழி நிறுவனமான கோத்தே நிலையம் நடத்தும் பி2 தேர்வில் வாசிப்பு, கேட்டல், எழுத்து, பேச்சு என நான்கிலும் தனித்தனியாக 100-க்கு 60 வேண்டும். விடையைத் தட்டியே பழகியவர்கள் பேச்சில் மாட்டிக்கொள்வார்கள். அதனால் என்ன படிப்பது, எப்போது படிப்பது, படித்தது வந்ததா என்ற மூன்றையும் நீங்களே கையில் எடுங்கள்.

முதலில் கோத்தே இணையதளத்தில் இலவசமாக இருக்கும் மாதிரித் தேர்வில் உங்கள் நிலைக்குரியதை எடுத்து நேரம் வைத்து எழுதுங்கள். எதில் குறைகிறதோ அதுதான் இந்த மாத வேலை. இலக்கைச் சின்னதாக வையுங்கள்: வலி எங்கே, எப்போதிலிருந்து, மாத்திரை சாப்பிட்டீர்களா என்று நோயாளியிடம் தடுமாறாமல் கேட்க வேண்டும், அதுவும் இந்த வாரத்துக்குள்.

ஷிப்ட் மாறிக்கொண்டே இருக்கிறவர்களுக்குக் காலை 6 மணி டைம்டேபிள் எல்லாம் நிற்காது. மணியோடு கட்டாமல் செய்யும் காரியத்தோடு கட்டுங்கள். காட்பாடி - பாகாயம் பஸ்ஸில் ஏறினால் காதில் ஜெர்மன், டியூட்டி முடிந்து சாப்பிட்டதும் நான்கு வரி எழுத்து, நைட் டியூட்டி வாரத்தில் வார்த்தை கார்டு மட்டும். ரயிலில் போய் வருகிறவர்கள் ஜெர்மன் ஒலிபரப்பு நிறுவனமான டாய்ச்ச வெல்லே தரும், மெதுவாக வாசிக்கும் செய்தியை வீட்டிலேயே டவுன்லோடு செய்துவிடுங்கள். முதலில் எழுத்தைப் பார்க்காமல் கேளுங்கள், தேர்விலும் சில பகுதிகள் ஒரே முறைதான் ஓடும்.

கார்டுக்கு ஆங்கி என்ற ஆப் நல்லது, ஆண்ட்ராய்டில் காசில்லை. தெரிந்த வார்த்தை நாள் தள்ளித் தள்ளி வரும், மறந்தது சீக்கிரம் திரும்பும். பெயர்ச்சொல்லை அதன் பாலைக் காட்டும் டெர், டீ, டாஸ் சேர்த்தே கார்டில் போடுங்கள், பிறகு சேர்க்கலாம் என்று விட்டால் படாத பாடு படுவீர்கள். ஒரு நாளைக்குப் புதிய கார்டு 10 போதும். இரண்டு நாள் விட்டுப் பழையது குவிந்தால், அது குறையும்வரை புதியதை 0 ஆக்கிவிடுங்கள்.

ஏஐ சாட் வைத்திருப்பவர்கள் எழுத்துப் பயிற்சிக்கான கடிதத்தை அதனிடம் எழுதச் சொல்லாதீர்கள், தயவுசெய்து. நீங்கள் எழுதிக் கொடுத்து, "திருத்தாதே, தப்பு எந்த வரியில் என்று மட்டும் சொல்" என்று கேளுங்கள். நீங்களே திருத்திய பிறகு சரியா என்று பாருங்கள். நேரம் பிடிக்கும்தான், ஆனால் எழுத்து வருவது அந்த நேரத்தில்தான்.

எல்லாவற்றையும்விட நான் வற்புறுத்துவது வாரம் ஒருமுறை குரல் பதிவு. பேப்பர் இல்லாமல் இரண்டு நிமிடம் பேசிப் பதிவு செய்து, திரும்பக் கேட்டு, நின்ற இடங்களை நோட்டில் குறியுங்கள். வார்த்தை வரவில்லையா, வினைச்சொல் இடம் மாறியதா, உச்சரிப்பா? அதிகம் வந்த தப்பு எதுவோ அதை வைத்து அடுத்த வாரத்துக்குத் திட்டம் போடுங்கள். கல்வி உளவியலாளர் பாரி சிம்மர்மன் சுயமாகப் படிப்பதைத் திட்டமிடல், செய்தல், திரும்பிப் பார்த்தல் என்று ஒரு சுற்றாகச் சொன்னார். மூன்றாவதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறோம், ஆப்பும் அதைச் செய்யச் சொல்லாது.

அப்புறம் தேர்வு. சென்னை நுங்கம்பாக்கத்தில் கோத்தே நிலையம் இருக்கிறது. மாதிரித் தேர்வில் 60-ஐ நிதானமாகத் தாண்டிய பிறகு தேதி போடுங்கள். ஒரு பகுதி போனாலும் பயமில்லை, பி2-வில் அந்தப் பகுதியை மட்டும் திரும்ப எழுதலாம்.