வேடர் கிராமத்துக்கு நிதி கேட்டு விண்ணப்பம் எழுதுவது எப்படி?

இலங்கையின் திருகோணமலை மாவட்டத்தில், மூதூர் கிழக்கிலும் வெருகல் பக்கமும் கரையோர வேடர் என்ற பழங்குடி வழிவந்த குடும்பங்கள் இருக்கின்றன. பேசுவது தமிழ். தொழில் களப்பு மீன்பிடி, தேன், விறகு, சேனைப் பயிர், கூலிவேலை. பழங்குடி மக்களுக்கென்று உலகத்தில் நிதி இருக்கிறது, ஆனால் விண்ணப்பத்தைக் கண்டதும் கிராமச் சங்கங்கள் ஒதுங்கிவிடுகின்றன. ஊரில் எழுதப் படிக்கத் தெரிந்த ஒரு பிள்ளை இருந்தால் போதும், இதைச் செய்யலாம்.

படி 1: சங்கம் உயிரோடு இருக்கிறதா?

தனிநபருக்கு யாரும் நிதி தரமாட்டார்கள். கிராம அபிவிருத்திச் சங்கம், மாதர் சங்கம், மீனவர் சங்கம், எதுவானாலும் பதிவு இருக்க வேண்டும். பதிவு எண், யாப்பு (சங்கத்தின் விதிகள்), நிர்வாகிகள் பட்டியல், சங்கத்தின் பேரில் வங்கிக் கணக்கு, கூட்டக் குறிப்புப் புத்தகம் எல்லாவற்றையும் ஒரு கோப்பில் போடுங்கள். 2006 யுத்த இடப்பெயர்வில் கடதாசிகளைத் தொலைத்த சங்கங்கள் பிரதேச செயலகத்தில் பதிவுப் பிரதி கேட்கலாம். வங்கிக் கணக்கில் இருவர் கையெழுத்து கட்டாயம் இருக்கட்டும். தலைவர் நல்லவர்தான், இருந்தாலும் இருவர்.

படி 2: "நாங்கள் பழங்குடி" என்பதை எப்படிக் காட்டுவது?

2012 குடிசன மதிப்பு அட்டவணைகளில் வேடருக்குத் தனி நிரல் கிடையாது. ஆகவே அரச புள்ளிவிவரத்தைத் தேடி நாளைக் கழிக்க வேண்டாம். 2007 இல் ஐ.நா. நிறைவேற்றிய பழங்குடி மக்கள் உரிமைப் பிரகடனத்தின் 33 ஆம் உறுப்புரை, தன் அடையாளத்தைத் தீர்மானிக்கும் உரிமை அந்த மக்களுக்கே உண்டு என்கிறது. இலங்கையும் அதற்கு ஆதரவாக வாக்களித்தது. பொதுக்கூட்டத்தில் தீர்மானம் எடுத்து, முதியவர்கள் கையொப்பமிட்ட கடிதமாக எழுதி, கிராம சேவகரின் கடிதத்தையும் இணையுங்கள். வழிபாடு, தேன் எடுக்கும் முறை, பழைய குடியிருப்பு இடங்கள் பற்றி அரைப் பக்கம் எழுதினால் போதும். வேடர் என்று சொல்லிக்கொள்ள விரும்பாத குடும்பங்களும் இருக்கும். அவர்கள் பெயரைப் பட்டியலில் திணிக்காதீர்கள்.

படி 3: என்ன வேலை?

அதிக நேரம் செலவிட வேண்டிய இடம் இதுதான். தையல் மெஷின் கேட்காதீர்கள். கேட்டால் கிடைக்கும், அதுதான் சிக்கல். ஒரே ஊரில் பத்துப் பேர் தைத்தால் யார் உடுப்பு வாங்குவது? ஆண்களும் பெண்களும் தனித்தனியாக உட்கார்ந்து, எந்தத் தொழிலில் எந்த மாதம் காசு வருகிறது, எங்கே கை நழுவுகிறது என்று பேசட்டும். மாரி மழைக்காலத்து மூன்று நான்கு மாதம் எப்படி ஓடுகிறது என்பதையும் கேளுங்கள்.

தேனை எடுத்துக்கொள்வோம். எடுப்பவர்களுக்குக் கைவேலை தெரியும், பயிற்சி தேவையில்லை. காசு போவது விற்பனையில். ஈரப்பதன் 20 சதவீதத்தைத் தாண்டிய தேன் புளித்துப்போகலாம், அதனால் கடைக்காரர் வாங்கத் தயங்குவார். அப்படியானால் கேட்க வேண்டியது ஈரப்பதனை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டர், வடிகட்டும் துணி, போத்தல், லேபல், திருகோணமலை நகரத்துக்குக் கொண்டுபோகும் செலவு. கூடவே தேன் எடுக்கும் காடு யார் பொறுப்பில் இருக்கிறது என்று பாருங்கள். வன இலாகாவிடமோ வனஜீவராசிகள் திணைக்களத்திடமோ பேசாமல் எழுதிய திட்டம் ஒரு வழக்கோடு முடியக்கூடும்.

இளைஞர் வேலை கேட்டால், என்.வி.கியூ. எனப்படும் தேசிய தொழில் தகைமையைப் பாருங்கள். பல வருடம் மேசன் வேலை செய்தவர் பாடநெறிக்குப் போகாமலே முன் அனுபவ மதிப்பீட்டின் மூலம் சான்றிதழ் பெற வழி உண்டு. பிரதேச செயலகத்தில் மனிதவலு, வேலைவாய்ப்பு விடயம் பார்க்கும் உத்தியோகத்தரிடம் கேளுங்கள்.

படி 4: யாரிடம் கேட்பது?

உலகச் சுற்றாடல் வசதி (GEF) என்ற சர்வதேச நிதியின் சிறு மானியத் திட்டம் 1992 இலிருந்து நடக்கிறது, ஐ.நா. அபிவிருத்தித் திட்டமான யு.என்.டி.பி. ஊடாகக் கிராம அமைப்புகளுக்கும் வரும். காடு, களப்பு, உயிரினப் பாதுகாப்போடு உங்கள் தொழில் சேர வேண்டும். ஐ.நா.வின் விவசாய அபிவிருத்தி நிதியமான ஐஃபாட்டில் (IFAD) பழங்குடி மக்களுக்கென்றே ஒரு உதவி நிதி உண்டு, ஆனால் சில வருடத்துக்கு ஒருமுறைதான் விண்ணப்பம் கோருவார்கள். ஜப்பான் தூதரகத்தின் அடிமட்ட மானியம் கட்டடம், உபகரணம் என்று போகும், சம்பளத்துக்கு எதிர்பார்க்க வேண்டாம். 1985 இல் தொடங்கிய, பழங்குடி மக்களுக்கான ஐ.நா. தன்னார்வ நிதியைப் பார்த்து ஏமாறாதீர்கள். அது கூட்டங்களில் பங்கேற்கப் பயணச் செலவு தரும், கிராமத் திட்டத்துக்கு அல்ல.

நிதி தருவோரில் சிலர், தன்னார்வ சமூக சேவை அமைப்புகளைப் பதியும் 1980 இன் 31 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் பதிந்த தொண்டு நிறுவனம்தான் வேண்டும் என்பார்கள். அப்போது ஒரு நிறுவனத்தோடு சேரலாம். நிர்வாகச் செலவுக்கு அவர்கள் எத்தனை சதவீதம் எடுப்பார்கள் என்பதை முதலே எழுத்தில் வாங்குங்கள். வாய்ப்பேச்சு காணாது.

படி 5: வரவு செலவு

எங்களிடம் காசில்லை என்று சொந்தப் பங்களிப்பை வெறுமையாக விடாதீர்கள். உழைப்பும் பங்களிப்புத்தான். ஒரு உதாரணம்: 15 பேர் 10 நாள் சிரமதானம், நாள்கூலி 2,500 ரூபா என்று வைத்தால் 3,75,000 ரூபா. பொருட்களுக்கு மூன்று கடையில் விலை கேட்டு எழுத்தில் வாங்குங்கள். உத்தேச விலை போட்டால் அந்தப் பக்கத்திலேயே கேள்வி வரும்.

படி 6: எழுதி, வாசித்துக் காட்டி, அனுப்புங்கள்

ஐந்தாறு பக்கம் போதும். பிரச்சினை, யாருக்கு, என்ன செய்வோம், எந்த மாதம், எவ்வளவு, முடிந்தபின் யார் நடத்துவார்கள். அனுப்புமுன் பொதுக்கூட்டத்தில் சத்தமாக வாசியுங்கள். தொகையையும் சேர்த்து. படி 2 இல் சொன்ன ஐ.நா. பிரகடனம் முன்கூட்டிய, சுதந்திரமான, விவரம் அறிந்த சம்மதம் என்று சொல்வதை ஊரில் நடத்தும் விதம் இதுதான். யாராவது மறுத்தால் அதையும் குறிப்புப் புத்தகத்தில் பதியுங்கள்.

காசு பெரும்பாலும் தவணையாகத்தான் வரும். முதல் தவணையின் பில், வவுச்சர், வருகைப் பதிவு சரியாக இல்லாவிட்டால் இரண்டாவது நின்றுபோகும். ஓட்டோக் கூலிக்கு பில் கிடைக்காது, அதற்குச் சாரதியின் கையொப்பத்தோடு ஒரு வவுச்சரை அன்றே எழுதிவிடுங்கள்.