எழுத்து தெரியாமலே ஜெயிக்க முடிகிற எழுத்து விளையாட்டுகள்

விளையாட்டு நடக்கும்போது வகுப்பே கலகலவென்று இருக்கும். மறுநாள் அதே ‘ம’ அட்டையைத் தனியாக எடுத்து நீட்டினால் பாதிப் பேர் முழிப்பார்கள். குழந்தைகள் மறந்துவிட்டார்கள் என்று சொல்லிவிடுவது சுலபம். பெரும்பாலும் அவர்கள் அந்த எழுத்தைக் கற்கவே இல்லை. அந்த விளையாட்டில் ஜெயிக்க எழுத்து தேவைப்படவில்லை, அவ்வளவுதான். எழுத்து விளையாட்டு எதையும் தொடங்கும் முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: இந்த எழுத்தே தெரியாத குழந்தை இதில் ஜெயிக்க முடியுமா? முடியும் என்றால் எங்கோ ஓட்டை இருக்கிறது. அந்த ஓட்டைகள் வழக்கமாக எங்கே விழுகின்றன என்று பார்க்கலாம்.

படம் பதில் சொல்லிவிடும்

அட்டையில் ‘அ’, பக்கத்திலேயே அம்மா படம். குழந்தை படத்தைப் பார்த்து “அம்மா” என்கிறது. நாமும் சபாஷ் சொல்கிறோம். குழந்தை படித்தது படத்தை. படத்தை மறைத்துவிட்டால் சிலர் ‘அ’ எழுத்தைப் பார்த்தும் “அம்மா” என்றே சொல்வார்கள். அவர்களுக்கு அந்த வடிவத்தின் பெயரே அம்மா.

எழுத்து முன்பக்கம், படம் பின்பக்கம் என்று அட்டையைச் செய்யுங்கள். முதலில் எழுத்து, குழந்தை ஒலியைச் சொன்ன பிறகு சரிபார்க்கத் திருப்பிப் படம். மெல்லிய தாள் என்றால் பின்பக்கப் படம் ஊடுருவித் தெரியும். கெட்டி அட்டை வேண்டும். ஓரம் கிழிந்த அட்டை, மூலை மடங்கிய அட்டை, பேனா மை பட்ட அட்டை இவற்றையும் அவ்வப்போது மாற்றிவிடுங்கள். நான்கு வயதுக் குழந்தைக்கு ‘ட’ நினைவில் நிற்காவிட்டாலும் மூலை மடங்கிய அட்டை நன்றாக நினைவில் நிற்கும். ஒவ்வொரு எழுத்தையும் ஒவ்வொரு நிறத்தில் எழுதுவதும் இதே கதைதான். எல்லாமே கறுப்பு மை, ஒரே அளவு.

கண்ணுக்கா, காதுக்கா?

ஜோடி சேர்க்கும் விளையாட்டை எடுத்துக்கொள்வோம். 12 அட்டை, 6 ஜோடி, கவிழ்த்து வைத்து இரண்டிரண்டாகத் திருப்புவது. ‘ப’வுக்கு ‘ப’ ஜோடி என்றால் வடிவம் ஒத்துப்போகிறதா என்று பார்த்தாலே போதும். தெரியாத மொழியின் எழுத்தைக்கூட நாம் அப்படிச் சேர்த்துவிடலாம். ஒரு அட்டையில் எழுத்து, அதன் ஜோடியில் அந்த ஒலியில் தொடங்கும் பொருளின் படம் என்று மாற்றினால் குழந்தை வாய்க்குள் அந்தச் சொல்லைச் சொல்லிப் பார்த்தே ஆக வேண்டும். அட்டையை எடுத்து வைத்துக்கொள்ளும் முன் ஒலியைச் சத்தமாகச் சொல்ல வேண்டும் என்பதையும் விதியாக்கிவிடுங்கள்.

சொன்ன எழுத்தைத் தாளின் கட்டங்களில் தேடி மூடும் பிங்கோவில் நடக்கும் தவறு இன்னும் சின்னது. ஆசிரியர் “மா” என்று சொல்லிக்கொண்டே ‘மா’ அட்டையைத் தூக்கிக் காட்டுவார். அந்த நொடியே அது வடிவம் தேடும் விளையாட்டாகிவிடும். முதல் சுற்றில் ஒலியை மட்டும் சொல்லுங்கள். 5 விநாடி பொறுத்து, எல்லோரும் கட்டத்தை மூடிய பிறகு அட்டையைக் காட்டுங்கள். எல்லோருக்கும் ஒரே தாள் கொடுத்தால் பக்கத்துத் தாளைப் பார்த்து மூடுவார்கள். அதே எழுத்துகளை இடம் மாற்றி நான்கைந்து விதமான தாள்கள் செய்துகொண்டால் போதும். 5 எழுத்துதான் தெரியும் என்றால் 9 கட்டம் வேண்டாம். 6 கட்டத்தில் ஒரு எழுத்து இரண்டு முறை வரட்டும்.

அகரவரிசைப் பாட்டும் இந்தக் கணக்கில்தான் சேரும். அ, ஆ, இ, ஈ என்று வரிசையாகப் பாடும் குழந்தையிடம் ‘உ’வைத் தனியாகக் காட்டினால், விரலை வைத்து அ-விலிருந்து பாடிக்கொண்டு வரும். பாட்டு இருக்கட்டும். அட்டையைக் குலுக்கிப் போட்டும் கேளுங்கள்.

பையில் என்ன போடுகிறோம்

துணிப் பையில் கைவிட்டு ஒரு பொருளை எடுத்து, அதன் முதல் ஒலியைச் சொல்லி, உரிய எழுத்தின் மேல் வைப்பது நல்ல விளையாட்டு. அதைக் கெடுப்பது பெரும்பாலும் பொருள் தேர்வு.

‘ப’வுக்காகப் பலூனும் பொம்மையும் போடுவார்கள். அவற்றைச் சொல்லிப் பாருங்கள். ‘பல்’, ‘படகு’, ‘பாய்’ இவற்றில் உதடு பிரியும்போது வரும் ஒலி வேறு; பலூன், பொம்மை, பஸ் இவற்றில் தொண்டை அதிர்ந்து வரும் ஒலி வேறு. தமிழில் இரண்டுக்கும் ஒரே எழுத்து என்பது நமக்குத் தெரியும், குழந்தையின் காதுக்குத் தெரியாது. பலூனைப் ‘ப’வின் மேல் வைக்கத் தயங்குகிற குழந்தைக்குக் காது கூர்மை என்றுதான் பொருள். ‘டப்பா’, ‘குண்டு’ இவற்றையும் தள்ளி வையுங்கள். ‘பக்கம்’, ‘பங்கு’, ‘பகல்’ என்று சொல்லின் நடுவில் ‘க’ மூன்று விதமாக ஒலிக்கும் விவகாரமும் பிறகு வரட்டும். முதலில் சொல்லின் தொடக்கத்தில் மட்டும் விளையாடினால் போதும்.

பேச்சு வழக்கு செய்யும் குறும்பு இதைவிடப் பெரிது. ‘இ’க்கு இலை என்று எல்லா அட்டையிலும் இருக்கும். வீட்டில் குழந்தை சொல்வது “எலை”. இடம் “எடம்”, உரல் “ஒரல்”, குடம் “கொடம்”, இறக்கை “றெக்கை”. சொல்லின் தொடக்கத்தில் வரும் இகர உகரக் குறிலை அடுத்து ஒற்றை மெய்யும், அதோடு அ அல்லது ஐயும் வந்தால் பேச்சில் அது எ, ஒ ஆகிவிடும். ஆகவே இலையை ‘எ’ அட்டையில் வைக்கும் குழந்தை கேட்டதைக் கேட்டபடி வைத்திருக்கிறது. இந்தச் சிக்கல் இல்லாத சொல்லாகப் பார்த்து எடுங்கள். ‘இ’க்குப் பொருள் கிடைப்பது கஷ்டம்தான். செயலாக மாற்றிக்கொள்ளலாம்: ‘இ’ என்றால் கயிற்றை இழு, ‘உ’ என்றால் பந்தை உருட்டு. உண்டியலும் பிழையில்லாமல் ஒலிக்கும்.

இன்னொன்று: சொல் முதலில் வராத எழுத்துகளுக்கு முதலொலி விளையாட்டு ஆடவே முடியாது. ண, ன, ள, ழ, ற இவற்றில் தமிழ்ச் சொல் தொடங்காது; ‘ட’விலும் கடன் சொற்கள்தான் தொடங்கும். இவற்றுக்குக் கடைசி ஒலியைப் பிடிக்கும் விளையாட்டு வையுங்கள்: கண், மான், வாள், யாழ். ட, ற இரண்டும் சொல்லின் கடைசியிலும் மெய்யாக வராது. அவற்றை ‘வீடு’, ‘ஆறு’ போல உயிர்மெய்யாகத்தான் பிடிக்க வேண்டும்.

“இக், இங், இச்”

மெய்யெழுத்தைத் தனியாகச் சொல்ல முடியாது என்று முன்னால் ஒரு இகரம் சேர்த்துச் சொல்லிக்கொடுக்கிறோம். அந்த இகரம் எழுத்தோடு ஒட்டிக்கொள்ளும். பிறகு குழந்தை ‘கல்’லை “க… இல்” என்றும், ‘அம்மா’வை “அ… இம்… மா” என்றும் படிக்கும், கூட்டிச் சொல்லச் சொன்னால் திணறும்.

ம், ன், ல், ர், ய் இவற்றை இகரம் இல்லாமலே இழுத்துச் சொல்லலாம்: வாயை மூடி “ம்ம்ம்”. இவற்றிலிருந்து தொடங்குங்கள். க், ட், ப் போன்றவற்றைத் தனியாகச் சொல்லவே வேண்டாம். முந்தைய எழுத்தோடு சேர்த்தே விளையாடுங்கள்: ‘பட்’, ‘பக்’, ‘பப்’. ப, ட, ம, ட், ம் என்று ஐந்தே அட்டை இருந்தால் படம், மடம், பட்டம், மட்டம் நான்கும் வந்துவிடும் (பட்டத்துக்கும் மட்டத்துக்கும் ‘ட’வும் ‘ட்’டும் ஒன்றொன்று போதும், மட்டத்தின் ‘ம’வும் ‘ம்’மும் வேறு வேறு அட்டை). 247 எழுத்தும் முடிந்த பிறகுதான் சொல் என்று காத்திருப்பது, சமைத்துவிட்டுச் சாப்பாடு போடாமல் இருப்பது மாதிரி.

‘க் + அ = க’ என்று பிரித்துச் சேர்க்கும் அட்டைகளை ஆரம்பத்திலேயே இறக்குவதும் வேண்டாத அவசரம். குழந்தையின் காதில் ‘க’ ஒரே துண்டாக விழுகிறது. க, கா, கி, கீ என முழுசாகப் பழகி, கா–மா–பா மூன்றிலும் பொதுவாக இருப்பது என்ன என்று குழந்தையே கேட்டுப் பிடிக்கும் கட்டத்தில் பிரித்துக் காட்டினால் ஒரே நாளில் புரியும்.

தட்டல் எண்ணிக்கை

சொல்லை உடைத்துக் கைதட்டச் சொல்கிறோம். ‘பட்டம்’ எத்தனை தட்டு? வாய் சொல்வது பட்–டம், இரண்டு. எழுத்து எண்ணினால் நான்கு. இன்று இரண்டு தட்டு சரி, நாளை நான்கு தட்டு சரி என்றால் குழந்தை ஆசிரியரின் கையைப் பார்த்துத் தட்டப் பழகும். தட்டல் அசைக்கு மட்டும் என்று வைத்துக்கொண்டு, எழுத்து எண்ணுவதற்கு விரல் மடக்குங்கள். இரண்டையும் ஒரே நாளில் செய்ய வேண்டாம்.

குறில் நெடிலுக்குத் தட்டல் உதவாது. நீளத்தை உடம்பில் காட்ட வேண்டும். குறிலுக்கு ஒரு எட்டு எடுத்து வைக்கட்டும், நெடிலுக்கு இரண்டு எட்டு. குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு என்ற இலக்கணம் காலுக்கு வந்துவிடுகிறது. பல்–பால், கல்–கால், முடி–மூடி, பட்டு–பாட்டு நல்ல ஜோடிகள். படம் போட வசதியாக இருக்கிறதென்று குடை–கூடையில் தொடங்காதீர்கள்; குடை பேச்சில் “கொடை”. ‘ஐ’யையும் இதில் சேர்க்க வேண்டாம். நெடில் என்று சொல்லிவிட்டு ‘மலை’யைச் சொன்னால், அதன் கடைசியில் ஐ குறுகித்தான் ஒலிக்கும்.

காதால் பிரிக்க முடியாதவை

ந–ன இரண்டையும் இன்று பெரும்பாலோர் ஒரே மாதிரிதான் ஒலிக்கிறார்கள். ர–றவும் தனியாக வரும்போது அப்படித்தான். “எந்த ‘ன’ கேட்டது?” என்று விளையாட்டு வைத்தால் குழந்தைகள் குருட்டாம்போக்கில் கை தூக்குவார்கள். இங்கே இடத்தை வைத்து விளையாடுங்கள்: சொல்லின் முதலிலும் ‘த’வுக்கு முன்னும் ந, மற்றபடி நடுவிலும் கடைசியிலும் பெரும்பாலும் வருவது ன. நாய், பந்து, மான் என்று மூன்று வீடு வரைந்து அட்டைகளைக் குடியேற்றலாம்.

ல–ள–ழ அப்படியல்ல, ஒலி வேறுபாடு உண்டு. வலி–வழி, பல்லி–பள்ளி, வால்–வாள் என்று காதால் பிரிக்கலாம். ஆனால் சொல்லிக்கொடுப்பவர் வாயில் ழ–ள வேறுபாடு தெளிவாக வராவிட்டால் அந்தச் சுற்றை விட்டுவிடுவதே நேர்மை.

வடிவம் ஒத்தவற்றை அடுத்தடுத்து அறிமுகப்படுத்தாதீர்கள். எ–ஏ, ஒ–ஓ, இரண்டு சுழி ன, மூன்று சுழி ண இவற்றில் ஒன்று நன்றாகப் பதிந்த பிறகு, இரண்டு வாரமாவது விட்டு அடுத்தது வரட்டும். துணைக்காலும் ‘ர’வும் கையெழுத்தில் ஒன்றுபோலத் தெரியும். ‘கா’வுக்கும் ‘கர’வுக்கும் குழம்பாதபடி ‘ர’வின் அடிவாலைத் தெளிவாகச் சாய்த்து எழுதுங்கள்.

குறிகளை ஒட்டும் விளையாட்டு

மெய்யில்லாத குறி அட்டைகளைச் செய்து, ‘க’வின் பக்கத்தில் வைத்து மாற்றி மாற்றிப் படிக்க வைக்கலாம். ா, ெ, ே, ை இவற்றுக்கு இது பொருந்தும். உகரத்துக்குப் பொருந்தாது. கு, சு, து மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரே ஒலிக்கு மூன்று வடிவம். உ, ஊ வரிசைக்கு முழு எழுத்து அட்டையே செய்துவிடுங்கள். டி, டீ இரண்டும் தனி ரகம்.

‘கெ’ எழுதும்போது கொம்பு முன்னால் வரும். காதில் விழுவதோ முதலில் ‘க்’. ‘கொ’வில் முன்னும் பின்னும் ஆள் நிற்கிறது. மூன்று குழந்தைகளை நிறுத்தி விளையாடினால் இது நன்றாகப் பதியும்: நடுவில் ‘க’, ஒரு பக்கம் கொம்பு, மறுபக்கம் கால். இதில் தவறாமல் நடக்கும் தவறு திசை. பார்ப்பவர்களுக்கு இடப்பக்கம் என்பது நிற்பவருக்கு வலப்பக்கம். கொம்பு பிடித்த குழந்தை ‘க’வின் வலது கைப்பக்கம் நிற்க வேண்டும். தரையில் முன்கூட்டியே மூன்று வட்டம் போட்டுவிட்டால் குழப்பம் இல்லை. காற்றில் எழுதிக் காட்டும்போதும் குழந்தைகளுக்கு முதுகைக் காட்டி நின்று எழுதுங்கள். எதிரில் நின்று எழுதினால் அவர்கள் பார்ப்பது கண்ணாடி பிம்பம்.

அவுட் ஆனவர் எங்கே போகிறார்

இசை நின்றதும் எழுத்தின் மேல் நிற்கும் விளையாட்டில் தவறாகச் சொன்னவர் வெளியே. யார் முதலில் வெளியேறுவார்? எழுத்து தெரியாதவர். பயிற்சி தேவைப்படும் குழந்தை சுவரோரம் உட்கார்ந்திருக்க, ஏற்கெனவே தெரிந்தவர்கள் கடைசி வரை ஆடுகிறார்கள். வெளியேற்றுவதற்குப் பதிலாக ஒரு எழுத்தட்டையை எடுத்துவிடுங்கள். மீதி அட்டைகளில் எல்லோரும் நெருக்கிக்கொண்டு நிற்கட்டும்.

30 பேர் வரிசையில் நின்று ஆளுக்கு 20 விநாடி வாய்ப்பு என்றால் 10 நிமிடம் ஓடிவிடும். ஒரு குழந்தை அதில் எழுத்தோடு இருந்தது 20 விநாடி. மீதி 9 நிமிடம் 40 விநாடி முன்னால் நிற்பவரின் சட்டையோடு. நான்கைந்து பேர் கொண்ட குழுவாக உடைத்து, குழுவுக்கு ஒரு கட்டு அட்டை கொடுங்கள். அட்டை பரப்பும் குழு வட்டமாக உட்கார்ந்தால் எதிரில் இருப்பவருக்கு எல்லா எழுத்தும் தலைகீழ். அரைவட்டமாக உட்கார வையுங்கள். பிங்கோவில் கட்டம் மூடப் பொத்தான் வேண்டாம், சின்னக் குழந்தை வாயில் போடும். தாராளமான அளவில் வெட்டிய அட்டைத் துண்டு போதும்.

தவறாகச் சொன்னால் “தப்பு, நீ சொல்லு” என்று அடுத்தவரிடம் தாவாதீர்கள். “இது மாவா, பாவா?” என்று இரண்டில் ஒன்றைக் கேளுங்கள். பதில் வந்ததும் அந்த அட்டையைக் கட்டின் அடியில் செருகாமல் மூன்றாவது அட்டையாகச் செருகிவிடுங்கள். சற்று நேரத்தில் அதே குழந்தையின் முறை வரும்போது அதை மேலே கொண்டுவந்து நீட்டலாம். எல்லாம் முடிந்த பிறகு, குழுவில் ஒருவரிடம் மட்டும் படமில்லாத 5 அட்டையைக் குலுக்கிக் காட்டி, எத்தனை சொன்னார் என்று குறித்துக்கொள்ளுங்கள். நாளை அடுத்தவர். இந்தக் குறிப்பைப் பார்த்துத்தான் புது எழுத்தைச் சேர்ப்பதா, பழையதையே வேறு விளையாட்டில் சுற்றுவதா என்று முடிவு செய்ய வேண்டும்.