பழைய வீடியோ கேசட்டிலிருந்து தயாரிப்பு நிறுவன லோகோக்களை மீட்டுக் காலம் குறிப்பது எப்படி

இலங்கை மலையகத்து வீடுகளில் அலுமாரிக்கு மேலும் கட்டிலுக்கு அடியிலும் இன்னும் கிடக்கும் விஎச்எஸ் கேசட்டுகளில் தமிழ்த் தொலைக்காட்சி வரலாற்றின் ஒரு பகுதி தங்கியிருக்கிறது. ராடான், மின்பிம்பங்கள், சினி டைம்ஸ், ஏவிஎம் என்று நிறுவனப் பெயர் திரையில் தோன்றி மறையும் அந்த நாலைந்து செக்கன்களை யாரும் வேண்டுமென்று பதியவில்லை. நாடகத்தைப் பதிந்தார்கள், லோகோவும் சேர்ந்து வந்துவிட்டது. மறுஒளிபரப்பிலும் இணையத்திலும் அதே நாடகம் வரும்போது இந்தச் செக்கன்கள் பல இடங்களில் வெட்டப்பட்டிருக்கும், அல்லது புதிய லோகோ ஒட்டப்பட்டிருக்கும். அதனால் வீட்டுக் கேசட் நல்ல சான்று.

ஒன்றை முதலிலேயே மனதில் வையுங்கள். லோகோவை மட்டும் வெட்டி எடுத்து மிச்சத்தைக் கைவிட்டால் கையில் இருப்பது ஒரு படம் மட்டும்தான். அது எந்த ஆண்டுக்குரியது என்று சொல்வது அதற்கு முன்னும் பின்னும் ஓடும் விளம்பரமும் அறிவிப்பும் முகவரி எழுத்தும். கேசட் முழுவதையும் எடுக்க வேண்டும்.

பூஞ்சணத்தைப் பார்த்த பிறகே டெக்கில் போடுங்கள்

நுவரெலியா, தலவாக்கலை, மஸ்கெலியாப் பக்கம் ஈரத்தில் கிடந்த கேசட்டின் முதல் எதிரி பூஞ்சணம். கேசட்டின் கண்ணாடி ஜன்னல் வழியாக டோர்ச் அடித்து, சுற்றிய நாடாவின் மேற்பரப்பைப் பாருங்கள். நல்ல நாடா ஒரே சீரான கருப்பாகப் பளபளக்கும். வெள்ளைத் தூளோ நூல் போன்ற கோடோ ஓரங்களில் தெரிந்தால் அது பூஞ்சணம். அதை அப்படியே டெக்கில் (கேசட்டை ஓட்டும் கருவியில்) போட்டால் நாடாவைப் படிக்கும் ஹெட் அடைபடும், அடுத்துப் போடும் கேசட்டுக்கும் தொற்றும். விறகு அடுப்புப் புகை படிந்த கேசட்டில் வெளிப்பெட்டியில் பிசுபிசுப்பு இருக்கும். அதை மெல்லிய ஈரத்துணியால் துடைத்து உலர விட்டால் போதும்.

பூஞ்சணம் பிடித்ததைத் தனியாகப் பிரித்து, காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் பைகளோடு குறைந்தது இரண்டு வாரம் வையுங்கள். தென்மேல் பருவ மழைக்காலத்தில் இதைத் தொடங்காமல் ஜனவரி முதல் மார்ச் வரையான வறண்ட மாதங்களுக்குத் தள்ளிப்போடுவது நல்லது. ஈரப் பூஞ்சணத்தைத் துடைத்தால் நாடாவெங்கும் பூசிக்கொள்ளும். காய்ந்தது தூளாக உதிரும். வெயிலிலோ அடுப்பருகிலோ வைத்துக் காய வைக்க வேண்டாம், நாடா நெளிந்துவிடும்.

காய்ந்த பிறகு மாஸ்க் அணிந்து, வீட்டுக்கு வெளியே திறவுங்கள். அடிப்பக்கத்தில் ஐந்து ஸ்க்ரூ இருக்கும். கழற்றியதும் இரண்டு பாதியையும் சேர்த்துப் பிடித்துத் திருப்பி, மேல் மூடியை மெதுவாகத் தூக்குங்கள். உருளைகளும் ஸ்பிரிங்கும் எந்த இடத்தில் இருக்கின்றன என்று கை வைக்கும் முன் ஒரு போட்டோ எடுத்துவிடுங்கள். நூல் உதிராத துணியால் சுற்றின் இரு பக்கங்களையும் உலர்வாகவே துடைக்க வேண்டும். பழைய பெட்டிக்குள் தூள் அதிகமாக இருந்தால், சுத்தமான வேறு கேசட்டின் பெட்டிக்கு நாடாவை மாற்றிவிடலாம்.

பூஞ்சணம் ஓரத்திலிருந்தே உள்ளே போகும். விஎச்எஸ் நாடாவின் மேல் ஓரத்தில் சாதாரண ஒலித்தடம், கீழ் ஓரத்தில் கட்டுப்பாட்டுத் தடம். ஆகவே முதலில் கெடுவது ஒலி, அல்லது படம் நிலைகொள்ளாமல் உருளும். ஹைஃபை டெக்கில் பதிந்த கேசட்டாக இருந்தால் ஒலியின் இன்னொரு பிரதி படத்தோடு சேர்த்து நாடாவின் நடுப்பகுதியிலும் பதிந்திருக்கும். சில லோகோக்களுக்கு இசைதான் அடையாளம் என்பதால், ஒலி கேட்கவில்லை என்று கைவிடும் முன் ஹைஃபை டெக்கில் ஒரு தடவை ஓட்டிப் பாருங்கள்.

டெக்கும் பதிவும்

விஎச்எஸ் டெக்கைக் கடைசிவரை தயாரித்துவந்த ஜப்பானிய நிறுவனமான ஃபுனாய் 2016 ஜூலையில் நிறுத்திவிட்டது. இனிக் கிடைப்பதெல்லாம் பழையது. ஹட்டன், பதுளை, கண்டிப் பக்கத்து ரிப்பேர் கடைகளில் கேட்டால் கிடைக்கலாம். வாங்கும்போது தேவையில்லாத ஒரு கேசட்டைப் போட்டு, முன்னுக்கும் பின்னுக்கும் முழுதாக ஓட்டி, நாடாவைக் கசக்குகிறதா என்று பாருங்கள். எஸ்-வீடியோ வெளியீடு இருந்தால் அதை எடுங்கள், மஞ்சள் பிளக்கைவிட நிற ஓரங்கள் சுத்தமாக வரும்.

ஹெட் துடைக்க 99 சதவீத ஐசோபுரொப்பைல் அல்கஹோலும் மிருதுவான தோல் துண்டும் வேண்டும். பாமசியில் தரும் சேர்ஜிக்கல் ஸ்பிரிட் கூடாது, அதில் எண்ணெய் கலந்திருக்கும். நனைத்த துண்டை, ஹெட் பொருத்திய உருளையின் மேல் அசையாமல் பிடித்து, உருளையைக் கையால் சுற்றுங்கள். மேலும் கீழும் தேய்த்தால் ஹெட்டின் நுனி உடைந்துவிடும். காது துடைக்கும் பஞ்சுக் குச்சியும் வேண்டாம், பஞ்சு ஹெட்டில் சிக்கும்.

குளிரில் கிடந்த கேசட்டைச் சூடான அறைக்குக் கொண்டுவந்தவுடன் போட்டால் நாடாவில் நீர் படிந்து உருளையோடு ஒட்டிக்கொள்ளும். ஒரு நாள் முழுக்க அறையிலேயே வைத்திருந்து பிறகு போடுங்கள். முதுகுப்பக்கத்துச் சிறு பிளாஸ்டிக் தகட்டை உடைத்துவிட்டால் தவறியும் மேலே பதியாது. ஓட்டும் முன் ஒரு தடவை கடைசிவரை முன்னோக்கிச் சுற்றி, திரும்பச் சுற்றுங்கள். ஆண்டுக்கணக்கில் இறுகிய சுற்று அப்போதுதான் தளரும்.

கேசட் காலத்து இலங்கை, இந்திய ஒளிபரப்பு இரண்டும் பால் (PAL) முறை: 625 வரி, செக்கனுக்கு 25 பிரேம், அதாவது 50 அரைப்படம். கணினியில் 720×576 அளவில், இழப்பில்லாத முறையில் பதியுங்கள். எஃப்எஃப்வி1 (FFV1) அல்லது ஹஃப்ஒய்யூவி (HuffYUV) என்ற பதிவு முறை நல்லது. மணித்தியாலத்துக்கு 20 முதல் 35 ஜிகாபைட் வரை பிடிக்கும். டெக்கைக் கணினியோடு இணைக்கும் மலிவான யூஎஸ்பி டொங்கிளோடு வரும் மென்பொருள் நேரடியாக எம்பி4 ஆக்கிவிடும். நாடகத்துக்கு அது போதும், லோகோவுக்குப் போதாது. வேகமாகச் சுழலும் எழுத்தும் மின்னும் கோடும்தான் சுருக்கத்தில் முதலில் கட்டம் கட்டமாகச் சிதறும். கனடாவிலிருந்தோ அமெரிக்காவிலிருந்தோ உறவினர் அனுப்பிய கேசட், அங்குள்ள வேறு ஒளிபரப்பு முறையான என்டிஎஸ்சியாக (NTSC) இருக்கலாம். பால் மட்டுமே ஓடும் டெக்கில் அதன் நிறமும் வேகமும் தப்பாகப் போகும்.

பதியும்போது அரைப்படங்களை இணைக்கச் சொல்லும் தெரிவை (டீஇன்டர்லேஸ்) அணைத்துவிடுங்கள். மூலம் அப்படியே இருக்கட்டும். பார்ப்பதற்கான பிரதியைப் பிறகு செக்கனுக்கு 50 பிரேமாக விரித்து, 768×576 க்கு மாற்றினால் அசைவும் விகிதமும் சரியாக வரும். 25 ஆக்கினால் பாதி அசைவு போய்விடும்.

கரண்ட் போய் வரும் இடமென்றால் டெக்கையும் கணினியையும் யூபிஎஸ்ஸில் போடுங்கள். நாடா உருளையைச் சுற்றி ஏறியிருக்கும் நேரத்தில் கரண்ட் நின்றால், கேசட்டை இழுத்து வெளியே எடுக்காதீர்கள். கரண்ட் வந்ததும் டெக் தானே விடுவிக்கும்.

கேசட்டின் வாலில்தான் புதையல்

சடங்கு, கல்யாணம், திருவிழா, காமன் கூத்து என்று ஒன்றின் மேல் ஒன்றாகப் பதிந்த கேசட்டுகள் நிறைய. மேலே பதிந்தது முடிந்த இடத்தில் சில செக்கன் வெறும் இரைச்சல் வரும், அழிக்கும் ஹெட் உருளைக்கு முன்னால் இருப்பதால். அதற்குப் பிறகு பழைய பதிவின் வால் தொடரும். நாடகத்தின் கடைசிப் பகுதியும் அதன் முடிவு லோகோவும் அங்கேதான் தப்பிக் கிடக்கும்.

இதை இழப்பதற்குப் பெரும்பாலும் காரணம் டெக்கின் நீலத் திரை. சிக்னல் இல்லாதபோது டெக் நீலத்தைக் காட்டும், பார்ப்பவர் முடிந்துவிட்டது என்று நிறுத்திவிடுவார். மெனுவில் நீலத் திரையை அணைத்து, நாடா தானாக நிற்கும்வரை ஓடவிடுங்கள். ஈ-180 கேசட் சாதாரண வேகத்தில் 3 மணித்தியாலம், பாதி வேகத்தில் 6. ஒரே கேசட்டில் இரண்டு வேகமும் கலந்திருக்கும், வேகம் மாறும் இடத்தில் டிராக்கிங்கை (ஹெட் நாடாவின் தடத்தில் சரியாகப் பொருந்துவதை) திருத்த வேண்டும்.

காலம் குறிக்கும்போதும் இது நினைவில் இருக்கட்டும்: இத்தகைய கேசட்டில் பின்னால் வருவது காலத்தால் முந்தியது.

எந்த லோகோ, எந்த ஆண்டு

மூன்றைப் பிரித்தறியுங்கள். நிகழ்ச்சிகளுக்கு இடையே திரை முழுக்க வருவது அலைவரிசையின் அடையாளம். மூலையில் நிற்பதும் அலைவரிசையுடையதே. தலைப்புக்கு முன்னோ பெயர்ப்பட்டியலுக்குப் பின்னோ தனித்து வருவதுதான் தயாரிப்பு நிறுவனத்துடையது. வாடகைக் கேசட்டில் நாலாவதாக, வீடியோ நிறுவனம் தன் பெயரை முன்னால் ஒட்டியிருக்கும். அதையும் வையுங்கள், தனி வகையாக.

மூலை லோகோ காலத்தின் கீழ் எல்லையைக் கொடுக்கும். சன் டிவி 1993 ஏப்ரல் 14 இல் தொடங்கியது, சக்தி டிவி 1998 இல், ஜெயா டிவி 1999 இல், கலைஞர் டிவி 2007 இல், வசந்தம் 2009 இல். ரூபவாஹினி 1982 பெப்ரவரி 15 இலிருந்து இருப்பதால், அந்த மூலை லோகோ தனியாக அதிகம் சொல்லாது. ராடானின் 'சித்தி' 1999 டிசம்பரிலிருந்து 2001 நவம்பர் வரை சன் டிவியில் ஓடியது. அதன் முதல் ஒளிபரப்பில் வந்த ராடான் லோகோ இந்த இரண்டாண்டுக்குள் அடங்கும்.

முடிவு எழுத்தில் முகவரி இருந்தால் 'மெட்ராஸ்' என்பதா 'சென்னை' என்பதா என்று பாருங்கள். பெயர் அதிகாரபூர்வமாக மாறியது 1996 இல். தமிழில் சென்னை என்று முன்பும் எழுதியதால் ஆங்கில எழுத்தில் இருக்கும் முகவரியைத்தான் நம்பலாம். உள்ளூர் விளம்பரத்தில் கொழும்பு இலக்கம் 01 என்று தொடங்கி ஆறு இலக்கம் வந்தால் அது 2003 மாற்றத்துக்கு முந்தியது. 011 என்றால் பிந்தியது.

கேசட்டின் மேல் கையால் எழுதிய நேரத்திலும் ஒரு சிக்கல் உண்டு. 1996 மே மாதம் இலங்கை நேரம் இந்தியாவைவிட ஒரு மணித்தியாலம் முந்தியது, அதே ஆண்டு ஒக்டோபரில் அரை மணியாகக் குறைந்து, 2006 ஏப்ரலில்தான் இரண்டும் ஒன்றாயின. இடைப்பட்ட பத்தாண்டில் 'இரவு 9.30' என்று எழுதியிருந்தால் சென்னையில் 9.00 மணி நாடகம் அது. பத்திரிகை நிகழ்ச்சி நிரலோடு ஒப்பிடும்போது இதைக் கழிக்காமல் விட்டால் வேறு நாடகத்தின் மேல் போய் நிற்பீர்கள்.

வெளிநாட்டு நிகழ்ச்சிகளில் ஆண்டு பெரும்பாலும் ரோம எழுத்தில், லோகோவுக்குச் சற்று முன் வரும். எம்-சி-எம் 1900. எல் 50, எக்ஸ் 10, எக்ஸ்-சி 90. எம்-சி-எம்-எல்-எக்ஸ்-எக்ஸ்-எக்ஸ்-ஐ-வி என்றால் 1984. விஎச்எஸ்ஸில் எக்ஸ் எத்தனை என்பது கலங்கும், எனவே ஒவ்வொரு அரைப்படமாக நகர்த்தி எண்ணுங்கள். அது நிகழ்ச்சியின் ஆண்டு, லோகோவின் ஆண்டு அல்ல. அமெரிக்காவில் ஸ்கிரீன் ஜெம்ஸ் 1974 இல் கொலம்பியா பிக்சர்ஸ் டெலிவிஷன் ஆனது போல் நிறுவனம் மாறும்போது, பழைய நிகழ்ச்சிக்கும் புதிய லோகோவை ஒட்டி விற்பார்கள். இசை நடுவில் வெட்டுப்பட்டு லோகோவுக்குத் தாவினால் ஒட்டு என்று சந்தேகிக்கலாம். அதேபோல் வடிவம் மாறியதால் காலமும் மாறியது என்று முடிவு கட்டாதீர்கள். அமெரிக்காவின் எம்டிஎம் நிறுவன லோகோவில் வரும் பூனைக்குட்டி, 'ஹில் ஸ்ட்ரீட் புளூஸ்' என்ற பொலிஸ் தொடரின் முடிவில் பொலிஸ் தொப்பியோடு வரும். அது அந்தத் தொடருக்கான வேறுபாடு மட்டுமே.

மலையகக் கேசட்டுக்கே உரிய ஒரு பிழையும் இருக்கிறது. அன்டெனாவில் பிடித்த ஒளிபரப்பு மலையில் பட்டுத் திரும்பி, எழுத்துக்கு வலப்புறம் மங்கலான இரண்டாம் உருவத்தைப் போடும். அதை லோகோவின் நிழல் வடிவமைப்பு என்று எழுதிவைத்துவிடுவது எளிது. அதே இடைவெளியில் நடிகர் முகத்துக்கும் நிழல் விழுகிறதா என்று பாருங்கள், விழுந்தால் அது மலையின் வேலை. சட்டி அன்டெனாவில் பிடித்ததில் இந்த நிழல் இருக்காது, வெள்ளை, கருப்புப் பொறிகள் தெறிக்கும்.

பெயரிடுதல்

கோப்பின் பெயரில் ஆண்டு, அலைவரிசை, நிறுவனம், நிகழ்ச்சி, வேறுபாடு என்ற ஒழுங்கை மாற்றாமல் வையுங்கள். ஆண்டு உறுதியில்லை என்றால் '1999-2001' என்று எல்லைகளை எழுதுங்கள், ஊகித்து ஒற்றை ஆண்டு போட வேண்டாம். எந்தச் சான்றால் அந்த எல்லை என்பதையும் அருகில் ஒரு வரி எழுதுங்கள்: விளம்பர இலக்கம், முகவரி, மூலை லோகோ. வெட்டிய லோகோத் துண்டுக்கு முன் 30 செக்கனும் பின் 30 செக்கனும் விடுங்கள். முழுப் பதிவு இரண்டு ஹார்ட் டிஸ்க்கில் இருக்கட்டும், ஒன்று வேறு ஊரில்.

கேசட்டைக் கொடுத்தவரின் குடும்ப நிகழ்வுகளை அவர்களிடமே ஒரு பிரதியாகக் கொடுங்கள், அவர்கள் சம்மதம் இல்லாமல் அந்தப் பகுதியை யாருக்கும் காட்ட வேண்டாம். காமன் கூத்தோ பொன்னர் சங்கரோ பதிந்திருந்தால் அது நீங்கள் தேடிவந்த லோகோவைவிட அரிய பதிவாக இருக்கலாம், அதற்கும் தனிக் குறிப்பு எழுதுங்கள். மூலக் கேசட்டை முழுவதும் திரும்பச் சுற்றி, நிமிர்த்தி வைத்து, புதிய சிலிக்கா ஜெல்லோடு மூடித் திருப்பிக் கொடுங்கள்.