காகத்தைக் கவனித்துப் பார்ப்பது எப்படி

இயற்கையில் தேவனைத் தேட நுவரெலியாவுக்கு பஸ் ஏற வேண்டியதில்லை. வெள்ளவத்தையில் ஒரு பிளட்டின் மூன்றாம் மாடி பல்கனி போதும், ஏனென்றால் கொழும்பில் காகம் இல்லாத ஒழுங்கை கிடையாது. மத்தேயு 6-இல் இயேசு பொதுவாக ஆகாயத்துப் பறவைகள் என்கிறார். லூக்கா 12:24-இல் பெயரைச் சொல்லியே, "காகங்களைக் கவனித்துப்பாருங்கள்" என்கிறார். அதுவும் லேவியராகமம் 11 தின்னக்கூடாதென்று தள்ளிவைத்த பறவை. புறாவைச் சொல்லியிருக்கலாம்தானே?

அந்தக் 'கவனித்து' என்ற சொல்லைத்தான் நாம் விட்டுவிடுகிறோம். சூரிய உதயப் படத்தின் மேல் ஒரு வசனத்தை ஒட்டி வாட்ஸ்அப்பில் அனுப்புவதைக் கவனித்தல் என்று சொல்ல எனக்கு மனமில்லை.

சரி, எப்படித் தொடங்குவது? காலை ஆறு மணிக்கு, இல்லாவிட்டால் பின்னேரம் அவை கூட்டமாக அடையப் போகிற நேரத்தில், பத்து நிமிடம் நில்லுங்கள். போன் அறைக்குள் இருக்கட்டும். முதல் மூன்று நாட்களுக்கு வேதாகமத்தைத் திறக்க வேண்டாம் (உண்மையாகத்தான் சொல்கிறேன்). பாடம் என்னவென்று முதலே தெரிந்துகொண்டு போய் நின்றால் காகம் கண்ணில் படாது. ஒரு கொப்பியில் கண்டதை மட்டும் எழுதுங்கள்: எங்கே உட்கார்ந்தது, எதைத் தூக்கியது, யார் துரத்தினார்கள். என் கொப்பியின் முதல் வரி, "காய்ந்த பாண் துண்டைப் பீலித் தண்ணீரில் நனைத்துத் தின்றது." அவ்வளவுதான். அது போதும்.

நான்காம் நாள் லூக்காவை எடுங்கள். காகங்கள் விதைப்பதுமில்லை, அறுப்பதுமில்லை, அவைகளுக்குப் பண்டசாலையுமில்லை, ஆனாலும் தேவன் அவைகளைப் பிழைப்பூட்டுகிறார் என்று அந்த வசனம் தொடர்கிறது. 2022 பொருளாதார நெருக்கடியில் சமையல் காஸ் வரிசையில் நின்ற நாட்களில் இந்த வசனம் எனக்கு எரிச்சலைத்தான் தந்தது. பண்டசாலையே இல்லாத பறவைக்கு என் வெறும் சிலிண்டரைப் பற்றி என்ன தெரியும்? ஆனால் கொப்பியைப் புரட்டியபோது ஒன்று தெரிந்தது. காகம் விதைப்பதில்லை, சும்மா இருப்பதுமில்லை, விடிய முன் எழும்பிப் பொழுதுபடும் வரை தேடுகிறது, அப்புறம் அடையப் போகும்போது எதையும் தூக்கிக்கொண்டு போகவில்லை. நானோ நாளைய வரிசையையும் படுக்கைக்குக் கொண்டுபோனேன்.

இன்னொன்றும் எழுதியிருந்தேன். பக்கத்து வீட்டு அன்ரி சைவக்காரர், தான் சாப்பிட முன் மதிலில் ஒரு பிடி சோறு வைத்துக் "கா, கா" என்று கூப்பிடுவார். தேவன் அவைகளைப் பிழைப்பூட்டுகிறார் என்று வாசித்துவிட்டு அந்தக் கையைப் பார்த்தால் வேறு மாதிரித் தெரிகிறது. 1 இராஜாக்கள் 17-இல் கதை தலைகீழாக நடக்கிறது, கேரீத் ஆற்றங்கரையில் எலியா தீர்க்கதரிசிக்கு அப்பமும் இறைச்சியும் கொண்டுவந்து கொடுத்தவை காகங்கள். ஆகவே ஒவ்வொரு இரவும் கொப்பியில் இரண்டு வரி சேருங்கள்: இன்று எனக்கு யார் கையால் கிடைத்தது, நாளை யாருக்கு என் கையால் போக வேண்டும். பெயரை எழுதுங்கள், 'ஏழைகளுக்கு' என்று பொதுவாக எழுதி நழுவ வேண்டாம்.

அழகில்லாததும் கண்ணில் படும். குயில் காகக் கூட்டில் முட்டையிட்டுவிட்டுப் போகும், காகம் மைனாக் குஞ்சைக் கொத்திக்கொண்டு போகும். அதிலிருந்து இனிப்பான பாடம் பிழியாதீர்கள். யோபு 39-இல் தேவனே தீக்கோழி முட்டைகளை மண்ணில் விட்டுவிட்டுப் போவதையும் கழுகுக் குஞ்சுகள் இரத்தம் குடிப்பதையும் மறைக்காமல் சொல்கிறார், விளக்கம் கொடுக்கவில்லை. அந்தப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டுவிட்டு அப்படியே ஜெபம் பண்ணலாம்.

காகம் பிடிக்காதவர்களுக்கு எறும்பு இருக்கிறது, நீதிமொழிகள் 6. சீனிப் போத்தலை மூடாமல் விட்டால் தானாக வரும். ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளென்றால் கொழும்பின் பேரை வாவிக்குக் கூட்டிப்போய்க் கூழைக்கடாவைக் காட்டுங்கள், ஆனால் பாடத்தை நீங்கள் சொல்லாதீர்கள், என்ன கண்டாய் என்று மட்டும் கேளுங்கள்.

ஒரு மாதமாவது ஒரே உயிருடன் இருங்கள். காகமென்றால் கூடு கட்டும் காலத்தில் கையில் குடையொன்று வைத்திருப்பது நல்லது, குஞ்சு இருக்கிற மரத்தடியில் நின்றால் தலையில் கொத்தும்.