பழைய புல்லட்டுக்குச் செயின், ஸ்ப்ராக்கெட்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கடைக்குப் போய் "பழைய புல்லட்டுக்குச் செயின் கொடுங்க" என்று மட்டும் கேட்பதுதான் முதல் தவறு. வலது கால் கியர் உள்ள பழைய 350 புல்லட் எத்தனையோ கை மாறி வந்திருக்கும். நடுவில் யார் எதை மாற்றினார்கள் என்பது ஆர்.சி. புத்தகத்தில் இருக்காது. மாடல் பெயரை நம்பாமல், வண்டியில் இப்போது இருப்பதைப் பார்த்துக் குறித்துக்கொண்டு போங்கள்.

செயினின் பக்கத் தகட்டில் எண் அடித்திருக்கும். புல்லட்டுக்கு வருவது 530. ஒரு பின்னிலிருந்து (கண்ணிகளைக் கோக்கும் ஆணி) அடுத்த பின்னுக்கு 15.875 மி.மீ., உள் அகலம் சுமார் 9.5 மி.மீ. 520 செயினுக்கும் பின்களின் இடைவெளி இதேதான், ஆனால் உள் அகலம் 6.35 மி.மீ. என்பதால் 530 ஸ்ப்ராக்கெட்டின் (செயின் ஓடும் பல் சக்கரம்) பல்லில் அது உட்காரவே உட்காராது. போடும்போதே தெரிந்துவிடும், பிழைத்தோம். சின்ன வண்டிகளில்தான் ஆபத்து. 420 ஸ்ப்ராக்கெட்டில் 428 செயின் சத்தமில்லாமல் ஏறிவிடும். அப்புறம் பக்கவாட்டில் ஆடிக்கொண்டே ஓடும்.

செயினை மட்டும் மாற்றிவிட்டு ஸ்ப்ராக்கெட்டை விட்டுவிடுவது இதைவிடப் பெரிய தவறு. புல்லட்டில் இதற்கு ஆசை காட்டும் காரணங்கள் உண்டு. பின்னால் 38 பல் ஸ்ப்ராக்கெட்டும் பிரேக் டிரம்மும் ஒரே வார்ப்பு, டிரம்மையே வாங்க வேண்டும். முன் ஸ்ப்ராக்கெட் கிளட்சுக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறது. பிரைமரி கேஸை (எஞ்சினிலிருந்து கிளட்சுக்குப் போகும் செயினின் உறை) திறந்து கிளட்சைக் கழற்றினால்தான் கைக்கு வரும். "பல்லு நல்லாத்தான் இருக்கு, ஓட்டுங்க" என்று மெக்கானிக் சொல்வது இதனால்தான். தேய்ந்து சாய்ந்த பல்லில் புதுச் செயின் சரியாக உட்காராது. எல்லா ரோலர்களும் பங்குபோட வேண்டிய சுமை ஒன்றிரண்டின் மேல் விழுந்து, புதுச் செயினும் சீக்கிரமே பழையதாகிவிடும்.

அளந்தும் பார்க்கலாம். செயினை விறைப்பாக இழுத்துப் பிடித்து 20 கண்ணிகளை அளந்தால் புதியதில் 317.5 மி.மீ. இருக்கும். 324-ஐத் தொட்டால் அதன் காலம் முடிந்தது, கூடவே ஓடிய பல்லையும் சந்தேகப்படுங்கள். வேறு வேலைக்காகக் கிளட்ச் கழன்றால், அந்தக் கூலியிலேயே முன் ஸ்ப்ராக்கெட்டையும் மாற்றிவிடுவது புத்திசாலித்தனம்.

அடுத்து, 'மைலேஜுக்காக' முன்னால் ஒரு பல் கூட்டுவது. 16-க்குப் பதில் 17 போட்டால் அதே வேகத்தில் எஞ்சின் சுற்று சுமார் 6 சதவீதம் குறையும். பைபாஸில் தனியாகப் போகிறவருக்கு அது சுகம்தான். ஆனால் இது 18 குதிரைத்திறன் எஞ்சின். இரண்டு பேரோடு ஏற்காடு கொண்டை ஊசி வளைவுகளில் ஏறுகிறவர் இதைச் செய்யவே கூடாது என்பேன். கிளட்சைப் பாதி பிடித்தே ஏற வேண்டிவரும். ஸ்பீடோமீட்டர் முன் சக்கரத்திலிருந்து ஓடுவதால் அதில் மாற்றம் வராது.

ஓ-ரிங் செயின் (கண்ணிகளுக்கிடையே ரப்பர் வளையம் வைத்தது) நல்லதுதான். ஆனால் அதன் பின்கள் நீளம். வாங்குமுன் செயின் கவரில் உரசாமல் ஓட இடமிருக்கிறதா பாருங்கள். செயினின் இரு முனைகளையும் சேர்க்கும் லாக்கைப் போடும்போது, அதன் கிளிப்பின் மூடிய முனை செயின் ஓடும் திசையைப் பார்த்திருக்க வேண்டும். திருப்பிப் போட்டால் எங்காவது தட்டிக் கழன்றுவிடும்.

எல்லாம் புதிதாகப் போட்ட பிறகும் ஆக்ஸிலரேட்டரை விட்டுப் பிடிக்கும்போது வண்டி வெட்டி இழுத்தால், மறுபடி செயினை இறுக்காதீர்கள். பின் சக்கர ஹப்புக்குள் இழுப்பின் அதிர்ச்சியைத் தாங்க இருக்கும் ரப்பர்களைக் கழற்றிப் பாருங்கள்.