க்யூட் இங்கிலீஷ்: பேசேஜ்ல இருக்கறத டிக் பண்ணு, உனக்கு தெரிஞ்சத இல்ல

க்யூட்னா மத்திய பல்கலைக்கழகம் மாதிரி எடத்துல டிகிரி சேர்றதுக்கு எழுதுற நுழைவுத் தேர்வு. அதோட இங்கிலீஷ் பேப்பருக்கு நான் எழுதுன மொத மாக் டெஸ்ட்ல வாங்குன அடிய சொல்லிட்டே ஆரம்பிக்கறேன். நான் காசிமேட்டு பையன், எங்கப்பாவுக்கு போட்டு தொழில், மீன்பிடி தடைக்காலம் எத்தன நாள்னு தூக்கத்துல எழுப்பி கேட்டாலும் சொல்வேன், ஏப்ரல் 15 தொடங்கி ஜூன் 14 வரைக்கும் 61 நாள். அன்னிக்கு வந்த பேசேஜ் கரெக்டா அதப்பத்தி. செம குஷியாயி பேசேஜ படிக்காமயே நேரா கேள்விக்கு தாவி 61ன்னு அடிச்சிட்டு வந்துட்டேன். தப்பு. அது 2017க்கு முன்னாடி எழுதுன கட்டுர, அப்போ தடைக்காலம் 45 நாள் தான், பேசேஜ்லயும் 45ன்னு தான் போட்டிருந்தான். கடல்ல பொறந்து வளந்தவன் கடல் கேள்வியிலயே மார்க் விட்டுட்டு வந்தேன், வூட்ல சொன்னா சிரிப்பாங்கன்னு சொல்லவே இல்ல.

அதுக்கப்புறம் தான் புரிஞ்சுது, இந்த பேப்பர் உனக்கு என்ன தெரியும்னு கேக்கல, அவன் குடுத்த பேப்பர்ல என்ன இருக்குன்னு கேக்குது. இப்போ சாயங்காலத்துல எங்க தெரு பசங்க நாலஞ்சு பேருக்கு மொட்டை மாடியில சொல்லி குடுத்துகினு இருக்கேன், எல்லாரும் இதே குழியில தான் விழறாங்க, அதான் இத டைப் பண்றேன்.

மொதல்ல பரீட்சை எப்படி இருக்குன்னு தெரிஞ்சுக்கோ. க்யூட் யுஜி 2022ல வந்துச்சு, நடத்துறது என்டிஏங்கற தேசிய தேர்வு முகமை. டெல்லி யுனிவர்சிட்டி, திருவாரூர்ல இருக்கற மத்திய பல்கலைக்கழகம் இதுக்கெல்லாம் இந்த மார்க்க வெச்சு தான் சீட். 2025ல இருந்து ஒரு பேப்பருக்கு 50 கேள்வி, அம்பதும் எழுதணும், 60 நிமிஷம், கரெக்டுக்கு 5 மார்க், தப்புக்கு 1 மார்க் கட். அதுக்கு முந்தின வருஷம் 50ல 40 எழுதுனா போதும்னு இருந்துச்சு. இத ஏன் சொல்றேன்னா நம்ம பசங்க பாதி பேர் மூர் மார்க்கெட் பழைய புக் கடையில தான் கைடு வாங்குவாங்க, நானும் அப்படித்தான், அதுல பழைய பேட்டர்ன் இருக்கும், கிராமருக்கும் பேசேஜுக்கும் அந்த புக்கு தாராளமா போதும், ஆனா டைம், மார்க்கு கணக்கு மட்டும் அதுல பாக்காத, அந்தந்த வருஷம் என்டிஏ போடுற இன்ஃபர்மேஷன் புல்லட்டின நீயே டவுன்லோட் பண்ணி பாரு. இன்னொன்னு, லாங்வேஜ் பேப்பர் 13 மொழியில இருக்கு, தமிழும் அதுல ஒண்ணு. நீ சேரப்போற கோர்ஸ் எத கேக்குதுன்னு பாத்துட்டு அப்புறம் இங்கிலீஷ் எடு.

சரி, பேசேஜ். ஃபேக்சுவல், நேரேட்டிவ், லிட்டரரின்னு மூணு டைப்ல வரும். கேள்விய மொதல்ல படிக்கணுமா பேசேஜ மொதல்ல படிக்கணுமான்னு ஆளாளுக்கு ஒண்ணு சொல்வாங்க. என் கணக்கு இதான்: கேள்விய மட்டும் ஒரு ஓட்டு ஓட்டிக்கோ, ஆப்ஷன தொடாத. ஆப்ஷன மொதல்ல படிச்சா மண்டைக்குள்ள நாலு பொய் ஏறி உக்காந்துக்கும், அப்புறம் பேசேஜ்ல அந்த வார்த்தை எங்கயாவது கண்ணுல பட்டா போதும், அதான் ஆன்சர்னு கை போயிடும். மொத பாராவ மெதுவா படி, ஏன்னா எழுதுனவர் எந்த பக்கம் நிக்கறாருன்னு பெரும்பாலும் அங்க தான் தெரியும். அப்புறம் பட், ஹவ்எவர், யெட், ஆல்தோ, இதுல ஏதாவது வந்தா அங்க பிரேக் போடு. ரோட்டுல யூ டர்ன் மாதிரி, அதுக்கு முன்னாடி சொன்னது ஊர் பேச்சு, அதுக்கு பின்னாடி வர்றது தான் அவர் சொல்ல வந்தது. கேள்வியில நாட், எக்ஸெப்ட் இருந்தா விரல் வெச்சு படி, இந்த ஒரு வார்த்தையில நான் விட்ட மார்க்குக்கு கணக்கே இல்ல.

பசங்க "அண்ணே எனக்கு இங்கிலீஷ் புரியல அதான் தப்பாவுது"ம்பாங்க. அது முழுசா நெஜம் இல்ல. தமிழ்லயே ஒண்ணு தரேன், செஞ்சு பாரு:

"1856ல தென்னிந்தியாவோட மொத பயணிகள் ரயில் ராயபுரத்துல இருந்து வாலாஜா ரோட்டுக்கு கெளம்பிச்சு. 1873ல சென்ட்ரல் வந்தப்புறம் கூட்டம் கொஞ்சம் கொஞ்சமா அந்த பக்கம் நகர்ந்துச்சு. ஆனாலும் ராயபுரம் ஸ்டேஷன் கட்டடம் இன்னிக்கும் நிக்குது, ரயிலும் நின்னு தான் போவுது."

எழுதுனவர் என்ன சொல்ல வர்றாரு? ஒண்ணு, இந்தியாவுல மொத ரயில் ராயபுரத்துல தான் ஓடுச்சு. ரெண்டு, சென்ட்ரல் வந்தப்புறம் ராயபுரத்துக்கு யாருமே வர்றதில்ல. மூணு, ராயபுரம் ஸ்டேஷன மியூசியமா மாத்தணும். நாலு, முக்கியத்துவம் கொறஞ்சாலும் ராயபுரம் இன்னும் ஓடிக்கிட்டு தான் இருக்கு.

மாடியில கேட்டப்போ அஞ்சு பேர்ல மூணு பேர் மொத ஆப்ஷன், ராயபுரம் பசங்க, ஊர் பாசம். தென்னிந்தியான்னு போட்டிருக்கறத இந்தியான்னு இழுத்துட்டான் பாரு, அளவ பெருசாக்கறது தான் அங்க பொறி. ரெண்டாவதுல "யாருமே"ன்னு ஒரு வார்த்தை, இங்கிலீஷ்ல ஆல்வேஸ், நெவர், ஒன்லி, ஆல்னு வரும், பேசேஜ்ல அதே அளவுக்கு அடிச்சு சொல்லியிருந்தா ஒழிய அத நம்பாத. மூணாவது நல்ல விஷயம் தான், உனக்கும் ஆசையா இருக்கும், ஆனா அவர் அத எங்கயும் சொல்லல. நாலு தான் கரெக்ட், "ஆனாலும்"ல யூ டர்ன் போட்டாரு இல்ல, அதான். ஒரு பையன் "அண்ணே 1853ல பாம்பே டு தானே தான் மொத ரயில்"னு ஆரம்பிச்சான், சூப்பர் நைனா, நெஜம் தான், ஆனா பேசேஜ்ல இல்ல, தடைக்காலம் கதை திரும்பவும்.

தமிழ்லயே இத்தன பேர் தப்பு பண்றப்போ பிரச்சின வெறும் இங்கிலீஷ்ல இல்லன்னு தெரியுதா. ஒரு வாரம் தமிழ் பேப்பர் தலையங்கத்துலயே இப்படி கேள்வி போட்டு பழகு, அப்புறம் இங்கிலீஷுக்கு போ.

இப்போ கிராமர். ஸ்கூல்ல ரூல் ரூலா மனப்பாடம் பண்ண வெச்சாங்க, ஒண்ணும் நிக்கல. நான் என்ன பண்ணேன்னா, தமிழும் இங்கிலீஷும் எங்க ஒத்துப் போவுது, எங்க முட்டிக்குதுன்னு மட்டும் பாத்தேன், நம்ம தப்பெல்லாம் முட்டிக்கற எடத்துல தான் வருது.

ஒத்துப்போற எடம் ஆர்ட்டிகிள். யாரும் நம்ப மாட்டாங்க. "ஒரு ஊர்ல ஒரு ராஜா, அந்த ராஜாவுக்கு ரெண்டு பொண்டாட்டி"ன்னு பாட்டி கதை சொல்லுது இல்ல, மொத தடவ வர்றப்போ "ஒரு", அது 'எ'. ரெண்டாவது தடவ "அந்த", அது 'தி'. பாதி கேள்வி இதுலயே முடிஞ்சுது. 'எ'வா 'ஆன்'னான்னு கேட்டா எழுத்த பாக்காத, வாய்ல சொல்லி பாரு: ஆன் ஹவர், ஆன் எம்.எல்.ஏ, ஆனா எ யுனிவர்சிட்டி, எ யூரோப்பியன். சத்தம் உயிர்ல ஆரம்பிச்சா ஆன்.

சப்ஜெக்ட் வெர்ப் கூட நமக்கு தெரிஞ்சது தான். "மீன் பெட்டி வந்துச்சு"ன்னு தான் சொல்வோம், உள்ள நூறு மீன் இருந்தாலும் வந்தது பெட்டி. "தி பாக்ஸ் ஆஃப் மேங்கோஸ் இஸ் ஹியர்", பாக்ஸ் ஒண்ணு, அதனால இஸ். "ஒன் ஆஃப் மை ஃப்ரெண்ட்ஸ் ஹாஸ் கம்", வந்தது ஒருத்தன். நடுவுல 'ஆஃப்'க்கு அப்புறம் வர்றத எல்லாம் விரலால மூடிட்டு வெர்ப பாரு, நீளமான வாக்கியத்துல தான் மாட்டுவ, அதுக்கும் இதே வைத்தியம்.

முட்டிக்கற எடம் டென்ஸ். "பத்து வருஷமா ராயபுரத்துல இருக்கேன்", தமிழ்ல இது நிகழ்காலம், அப்படியே தூக்கி "ஐ ஆம் லிவிங் இன் ராயபுரம் சின்ஸ் டென் இயர்ஸ்"னு போடுவோம், ஒரே வரியில ரெண்டு தப்பு. "ஐ ஹாவ் பீன் லிவிங் இன் ராயபுரம் ஃபார் டென் இயர்ஸ்". எவ்ளோ நாளான்னா ஃபார், எப்பத்துல இருந்துன்னா சின்ஸ், அதாவது சின்ஸ் 2015. அதே மாதிரி தமிழ்ல "நேத்து வந்திருக்கான், நான் தான் பாக்கல"ன்னு தாராளமா பேசுவோம், இங்கிலீஷ்ல யெஸ்டர்டே வந்துட்டா ஹாஸ், ஹாவ் வராது, "ஹி கேம் யெஸ்டர்டே" தான். ஸ்பாட்டிங் எரர்ல எனக்கு அடிக்கடி மாட்டுனது இது.

"அதப்பத்தி பேசினோம்"ல "பத்தி" இருக்கறதால டிஸ்கஸ் அபௌட்னு வாய்ல வரும், அபௌட் வேணாம். "சென்ட்ரலுக்கு போய் சேந்தேன்"ல "கு" இருக்கறதால ரீச்ட் டு சென்ட்ரல்னு வரும், டு வேணாம். "மழை பெஞ்சாலும், ஆனா நாங்க ஆடுனோம்"னு நாம ரெண்டு தடவ சொல்லலாம், இங்கிலீஷ்ல ஆல்தோ போட்டா பட் போடக்கூடாது, ஏதாவது ஒண்ணு. நம்ம தமிழ்ல எங்கெங்க ஒட்டு வருதோ அங்கெல்லாம் ஒரு செகண்ட் சந்தேகப்படு. சீனியர், ஜூனியர், ப்ரிஃபர் இதுக்கெல்லாம் தேன் வராது, டு தான், இதுக்கு மட்டும் கொக்கி கிடைக்கல, மனப்பாடம் தான் பண்ணேன். ஃபர்னிச்சர், இன்ஃபர்மேஷன், அட்வைஸ் இதுக்கெல்லாம் பின்னாடி எஸ் ஒட்டாத.

வாக்கியத்த கலச்சு போட்டு வரிசைப்படுத்த சொல்றது ஈஸி மார்க்கு. ஹி, திஸ், தேர்ஃபோர்னு ஆரம்பிக்கற வரி மொத வரியா இருக்க வாய்ப்பு ரொம்ப கம்மி, ஹி யாருன்னு அதுக்கு முன்னாடி யாராவது சொல்லியிருக்கணும். ஜோடியா ரெண்டு வரிய புடி, ஆப்ஷன்ல எதுல அந்த ஜோடி ஒட்டி இருக்குன்னு பாரு, முடிஞ்சுது.

வொக்காபுலரிக்கு ஆயிரம் வார்த்தை லிஸ்ட் எல்லாம் விக்கறாங்க, நான் ஒரு லிஸ்ட்டும் முடிச்சதில்ல. பேப்பர் கடையில பழைய இங்கிலீஷ் பேப்பர் எடைக்கு கிடைக்கும், ரெண்டு கிலோ வாங்கிட்டு வந்து நடுப்பக்கம் மட்டும் கிழிச்சு வெச்சுக்கிட்டேன். விம்கோ நகர்ல மெட்ரோ ஏறுனா ஹைகோர்ட் வர்றதுக்குள்ள ஒரு கட்டுர, புரியாத வார்த்தைய கோடு போட்டு முன்ன பின்ன வரிய வெச்சு அர்த்தத்த ஊகிச்சிட்டு அப்புறமா தான் டிக்ஷனரி. வூட்ல சத்தம், டிவி, தங்கச்சி தொல்லைன்னா பெரம்பூர் பக்கம் இருக்கறவங்க கொளத்தூர் முதல்வர் படைப்பகம் போய் பாருங்க, உக்காந்து படிக்க நல்ல எடம்.

சட்டம் படிக்க கிளாட் நுழைவுத் தேர்வு எழுதுறவங்களுக்கு ஒரு வார்த்தை: அங்க எல்லாமே பேசேஜ் தான், ஒவ்வொண்ணும் 450 வார்த்தை கிட்ட வரும், 120 கேள்விக்கு 2 மணி நேரம், அதனால படிக்கற ஸ்பீடு கூடணும்.

கடைசியா கட் மார்க் பயம். க்யூட்ல நாலு கேள்விய குருட்டாம்போக்குல அடிச்சா சராசரியா ஒண்ணு கரெக்ட், மூணு தப்பு, அதாவது 5 வந்து 3 போவுது, 2 மிச்சம். நாலுல ரெண்டு ஆப்ஷன அடிச்சு தள்ளிட்டன்னா நாலு கேள்விக்கு 10 வந்து 2 போவுது, 8 மிச்சம். அதனால ரெண்டு ஆப்ஷன் போச்சுன்னா காலியா விடாத, தைரியமா அடி. ஒரு கேள்விக்கு 72 செகண்ட் தான் வருது, ஒண்ணுல ரெண்டு நிமிஷத்துக்கு மேல நின்னா ரிவ்யூ மார்க் பண்ணிட்டு நகரு. பேசேஜ மொதல்லயே முடிச்சுடு, கடைசி பத்து நிமிஷத்துல நீளமான பத்தி கண்ணுல ஏறவே ஏறாது, அந்த நேரத்துக்கு சினானிம், ஆன்டனிம் வெச்சுக்கோ.

மாக் டெஸ்ட் முடிஞ்சதும் மார்க்க மட்டும் பாத்துட்டு மூடாத. ஒரு நோட்டு போடு, தப்பான ஒவ்வொரு கேள்விக்கும் பக்கத்துல காரணம் எழுது: வார்த்தை தெரியல, அவசரம், கேள்வியில இருந்த 'நாட்' வார்த்தைய பாக்கல, சொந்தமா கதை வுட்டேன். என் நோட்டுல மொத பத்து பக்கம் முழுக்க கடைசி காரணம் தான் இருந்துச்சு, மொத வரி "45 நாள்".